இட்லித் தட்டில் நிலா

இன்று மதியம் வரை என் மேசை இழுப்பறைக்குள் ஓர் இட்லித் தட்டு கிடந்தது. விட்டுப் போனவர் பக்கத்து சீட் அக்கா. செயற்கைக்கோள் படங்களைக் கணினியில் வரைபடமாக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது, பசுமலையில். நிலாவின் தென்முனையில் கலம் இறங்கத் தோதான இடம் தேடும் வேலையில் ஒரு துண்டு எங்களுக்கும் வந்திருந்தது. எது பள்ளம், எது மேடு என்று குறித்துக் கொடுக்க வேண்டும்.

அங்கே வெயில் சாய்ந்தே விழும். படத்தில் வெளிச்சம் கீழிருந்து வந்தால் பள்ளமெல்லாம் மேடாகத் தெரியும். கண் அப்படி ஏமாற்றும். சந்தேகம் வந்தால் அக்கா அந்தத் தட்டை மானிட்டர் பக்கத்தில் நிறுத்தி, படத்தில் வெயில் வரும் திசையிலிருந்து செல்போன் டார்ச்சை அடிப்பார். குழிக்குள் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று படத்தோடு ஒத்துப் பார்ப்பார். திருப்பி வைத்தால் அதே தட்டில் மேடு. “சட்னி எங்கக்கா?” என்று ஆபீஸே கேலி செய்யும். “நிலாவுல எறங்குறவன் கொண்டாருவான், வேலையப் பாருங்கடா” என்பார்.

வெயிலே படாத ஓர் இடத்தில் தட்டும் உதவவில்லை. “சுத்திச் சமதளந்தானம்மா, உள்ளயும் சமம்னு நிரப்பி விடு. அம்புட்டுத் தூரம் போயி யாரு பாக்கப் போறா?” என்றார் மேனேஜர். “போறதுக்குத்தான சார் படமே கேக்குறாங்க” என்று அக்கா அந்த இடத்துக்குச் சாம்பல் நிறம் கொடுத்து, ‘தெரியாது’ என்றே அனுப்பினார். அடுத்த வாரமே வீட்டுமனை வரைபடத்துக்கு மாற்றப்பட்டார். கொஞ்ச நாளில் வேலையையே விட்டுவிட்டார்.

இப்போது அவர் சீட்டில் நான். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள். மேலூர்ப் பக்கம் குவாரி லாரி ஓட்டும் அப்பா, “எம் மகன் நிலாவுக்கே வழி போடுறான்” என்று டீக்கடையில் சொல்லித் திரிகிறார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்று காலை என் படத்திலும் அதேபோல் வெயில் படாத ஓர் இருட்டு இடம், மேனேஜரின் அதே உத்தரவு. ஒரு சொடுக்கில் மென்பொருள் அழகாக நிரப்பிவிடும். கை மவுஸுக்குப் போகிறது, திரும்புகிறது. சும்மா சும்மா தண்ணீர் குடிக்க எழுந்தேன். மழைத் தண்ணீர் நின்ற குவாரிதான் நினைவில் வந்தது. மேலிருந்து பார்த்தால் தளம் போட்ட மாதிரி இருக்கும். “தட்டையா இருக்கேன்னு கால வச்சிராதடா” என்று அப்பா கத்துவார்.

சாம்பல் நிறத்தோடு அனுப்பிவிட்டேன். பிறகு தட்டை எடுத்துத் துடைத்து, அக்கா நிறுத்திய இடத்திலேயே நிறுத்தினேன். மேனேஜர் அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது.