ஜெபம் கூடாது

என் மனைவி நர்ஸ். நான் பி.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டு கேரள எல்லைக்குள் அமரவிளையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன். அயர்லாந்தில் வேலைக்குப் போகவேண்டும் என்பது அவளுடைய ஐந்து வருட ஆசை. அதற்கு நர்சுகளுக்கான இங்கிலீஷ் பரீட்சையில் பாஸாக வேண்டும். ஒருமுறை எழுதித் தோற்றிருந்தாள். அடுத்த முறைக்குப் படிப்பிக்கும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, நான் ஏற்றுக்கொண்டேன்.

ஒரு நோட்டு போட்டேன். பக்கத்துக்கு ஒரு ஜோடி வார்த்தை. ஹியர் என்றால் காதில் விழுவது, லிசன் என்றால் காது கொடுப்பது. க்யூர் நோய்க்கு, ஹீல் ஆளுக்கு. சிம்பதிக்கும் எம்பதிக்கும் மட்டும் இரண்டு நாள் ஆனது.

"அடுத்த வீட்டுல கரண்டு போனா உச்சுக் கொட்டுவோம்லா, அது சிம்பதி. நமக்கும் சேந்து போனா எம்பதி."

"அப்பம் இன்வெர்ட்டர் உள்ளவங்களுக்கு?" என்று கேட்டாள்.

கடையில் ஆள் காத்திருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

பரீட்சை திருவனந்தபுரத்தில். பேச்சுத் தேர்வில் ஒரு அம்மா நோயாளியாக நடிப்பார், இவள் நர்ஸாக ஐந்து நிமிடம் பேசவேண்டும். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். சாவகாசமாக வந்தாள்.

"நல்லா பேசினேன். கடைசில ஜெபம் பண்ணினேன்."

"வெளிய வந்தா?"

"உள்ளதான். அந்த அம்மைக்காக."

எங்கள் ஊரான கொல்லயில் பக்கம் நோயாளியைப் பார்க்கப் போனால் ஒரு பாக்கெட் ரொட்டி, நாலு ஆரஞ்சு, கொஞ்சம் பேச்சு, அப்புறம் எல்லோரும் எழுந்து நின்று ஒரு ஜெபம். ஜெபம் பண்ணாமல் வந்தவன் பார்க்கவே வரவில்லை என்றுதான் சபையில் பேச்சு வரும். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் பரீட்சை ஹாலிலா!

"ஏட்டி, ஒனக்குக் கூறு உண்டா? அது நடிப்பாக்கும்!"

"தெரியும். நாளைக்கு ஆப்பரேஷன், பயமா இருக்குன்னு சொன்னாங்க. கண்ணும் நெறஞ்சுபோச்சு. பின்ன என்ன செய்ய?"

"இங்கிலீஷ்லயா பண்ணின?"

"ஜெபம் எப்பிடி இங்கிலீஷ்ல வரும்? தமிழ்லதான். அவங்க ஆமென் சொன்னாங்க."

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க மலையாளம் பேசுகிறவள். கடவுளிடம் மட்டும் தமிழ்தான். பாறசாலை வரை பஸ்ஸில் அவளோடு நான் பேசவில்லை. இறங்கியதும் பழம்பொரி வாங்கித் தந்தாள். அதையும் பேசாமலே தின்றேன்.

ரிசல்ட் வந்தது. பேச்சில் மார்க் கொஞ்சம் குறைந்துவிட்டது. அவள் அடுக்களையில் நின்று அழுதாள். நான் கத்தினேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் 'ஜெபம் கூடாது' என்று எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது, இவள் போகமாட்டாள் என்று. அதனால்தான் கூடுதலாகக் கத்தினேன்.

மூன்றாம் முறையும் நோயாளிக்குப் பயம்தான். இவள் கையைக் கட்டிக்கொண்டு, "உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது" என்று இங்கிலீஷில் சொன்னாள். பாஸ். நாலு மாதத்தில் அயர்லாந்துக்குப் போய்விட்டாள்.

போன மழைக்கு எனக்கு நல்ல காய்ச்சல். கடையை அடைத்துவிட்டு மத்தியானம் கட்டிலில் கிடந்தேன். வீடியோ காலில் வந்தாள்.

"எப்பம் தொடங்கிச்சு? குளிரு உண்டா? மருந்து குடிச்சியளா?"

வரிசை மாறாமல் கேட்டாள், நானும் வரிசையாகப் பதில் சொன்னேன். கடைசியில், "ஒங்களுக்க கஷ்டம் எனக்கு மனசிலாவுது" என்றாள்.

பாஸான வாக்கியம். நான் படிப்பித்ததுதான், ஒரு குறையும் சொல்ல முடியாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மக்கா, ஒரு ஜெபம் பண்ணு."

"கூடாதுன்னு செவப்பு மையில எழுதினியளே."

"பண்ணுட்டி."

போனை எங்கேயோ கீழே வைத்துவிட்டாள். திரையில் அவள் அறையின் வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது. ஜெபம் முடிய ஐந்து நிமிடத்துக்கு மேலேயே ஆனது. நான் படுத்தபடியே ஆமென் சொன்னேன்.