யூனிஸின் கழுத்துப் பவுடர்

அவ்ரில் லெசாமாவிடம் ஒரு முகத்தைக் கொடுத்தால் முதலில் அதன் தோலை உரித்துவிடுவாள். பயப்பட வேண்டாம், கணினியில்தான். எங்கள் தீவில், சான் ஃபெர்னாண்டோ நகரத்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் சின்ன கம்பெனி இருக்கிறது. உயிருள்ள ஆட்களைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, திரையில் திரும்பிப் பார்க்கிற முப்பரிமாணத் தலைகளாகச் செய்து கொடுப்போம். கண்ணும் முடியும் வைப்பது என் வேலை. தலைக்குப் போர்த்துகிற தோலைத் தட்டையாக விரித்து, நிறம் ஒரு அடுக்கு, மினுமினுப்பு ஒரு அடுக்கு, மேடுபள்ளம் ஒரு அடுக்கு என்று தீட்டுவது அவ்ரில். விரித்த முகத்தை முதல்முறை பார்ப்பவர்களுக்குக் குமட்டும். மூக்கு சப்பையாகி, காதுகள் ஓரத்துக்கு ஒதுங்கி, லாரி ஏறிய மாதிரி கிடக்கும். அதன் எதிரில் உட்கார்ந்துதான் அவ்ரில் தினமும் காலையில் ரொட்டிக்குள் கொண்டைக்கடலை வைத்த டபுள்ஸ் சாப்பிடுவாள்.

பிடிவாதக்காரி. பள்ளிக்கூடம் முடிக்கிற வருடம் எல்லாப் பெண்களையும் ஸ்டுடியோக்காரர் படம் எடுத்தார். இவள் மேல் இரக்கப்பட்டு நிறத்தை இரண்டு படி வெளுக்க வைத்துக் கொடுத்தார். அவள் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அவ்ரில் படத்தைத் திரும்பக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்து, "இது எங்க சித்தி பொண்ணு. என் படத்தக் குடுங்க" என்று நின்றாளாம். அவர் கொடுக்கும் வரை கடைவாசலை விட்டு நகரவில்லை. அப்புறம் கார்னிவல் திருவிழாவில் ஆடுகிறவர்களுக்கு முகத்தில் சாயம் தீட்டினாள். மருந்துக்கடையில் அழகுசாதனங்கள் விற்றாள். கறுத்த முகத்துக்கு ஏற்ற பவுண்டேஷன் கடையில் இருக்காது. இரண்டு குப்பிகளிலிருந்து உள்ளங்கையில் ஊற்றிக் கலந்து கொடுப்பாள். கணினி வேலையைத் தானாகவே கற்றுக்கொண்டு எங்களிடம் வந்தபோது அந்தக் கலக்கும் கை அப்படியே கூட வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு சோம்பேறி வழி உண்டு. வெள்ளைக்காரத் தோல் ஒன்று தயாராகக் கிடைக்கும். கறுப்பு முகம் வேண்டுமென்றால் அதையே எடுத்து இருட்டாக்கிவிடுவார்கள். அடுப்பில் ஆறிப்போன சாம்பல் மாதிரி ஒரு நிறம் வரும். அவ்ரிலுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"ரூப்," என்று என்னைக் கூப்பிடுவாள். என் முழுப் பெயர் ரூப்நரைன். "ஒரு மூஞ்சியில எத்தன கறுப்பு இருக்கு, சொல்லு."

"ஒண்ணு."

"உன்னை எல்லாம் கண்ணு வைக்க விட்டிருக்காங்க பாரு."

பழைய சந்தையை இடித்துப் புதிதாகக் கட்டிய சமயத்தில்தான் அந்த வேலை வந்தது. சந்தையிலேயே காலம் தள்ளிய வியாபாரிகள் பன்னிரண்டு பேருடைய முகங்களை வாசலில் பெரிய திரையில் காட்டுவதாக ஏற்பாடு. ஒப்பந்தம் கிடைத்தது ஏதோ குளிர்தேசத்துக் கம்பெனிக்கு. முகங்களை மட்டும் எங்களிடம் கொடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: அனுப்பிய தோல் மூன்றாவது முறையும் தேறவில்லை என்றால், அவர்களிடம் இருக்கும் தயார்த் தோலைப் போர்த்திக்கொள்வார்கள்.

"அந்தச் சாம்பலை நம்ம ஆளுங்க மூஞ்சியில பூச விடமாட்டேன்," என்றாள் அவ்ரில். எங்கள் முதலாளி மிஸ்டர் சீலி, பாவம், நல்லபடியாக முடிந்தால் சரி என்று தலையாட்டினார்.

முதல் முகம் யூனிஸ் ஒட்லி. சேப்பங்கிழங்கும் பச்சை மிளகாயும் வாசனைக் கீரையும் விற்பவர். ஊரே அவரை டான்டி என்றுதான் கூப்பிடும், சொந்த அத்தையைப் போல. அவ்ரில் அந்த முகத்தில் தன் உயிரையே வைத்துத் தீட்டினாள். நெற்றி ஒரு கறுப்பு, வாயைச் சுற்றி வேறு கறுப்பு, கன்னத்துக்கு அடியில் செம்மண் ஓடுகிற கறுப்பு. எனக்கே பெருமையாக இருந்தது.

திரும்பி வந்தது. கழுத்தில் சிவப்பு வட்டம் போட்டு, "வெள்ளைப் படலம். பிழை. சரிசெய்யவும்" என்று எழுதியிருந்தார்கள்.

அவ்ரில் பார்த்தாள். நான் பார்த்தேன். மிஸ்டர் சீலி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கழுத்து இருக்கு. கழுத்துல என்ன பிழை?" என்றார்.

யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. படம் மங்கலாக இருக்கிறது போல என்று நினைத்து இன்னும் துல்லியமாகத் தீட்டி அனுப்பினாள். மறுபடியும் அதே வட்டம். இந்த முறை கூடவே ஒரு வரி: "தோல் நோய் போலத் தெரிகிறது." அவ்ரிலின் டபுள்ஸ் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

அன்று மத்தியானம் ஏசி மக்கர் பண்ணியது. வேர்வை தாங்காமல் நான் கழுத்தைத் தடவிவிட்டு மறுபடி மவுஸைப் பிடித்தேன். கறுப்பு மவுஸின் மேல் என் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தது. அவ்ரில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ரூப், கழுத்தக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுடா."

பவுடர். குளித்துவிட்டுக் கழுத்திலும் நெஞ்சிலும் கொட்டிக்கொள்கிற சாதாரண டால்கம் பவுடர். மிஸ்டர் சீலியின் சட்டைக் காலரைத் திருப்பினோம், பவுடர். அவ்ரில் தன் கழுத்தை ஒரு விரலால் துடைத்து விரலைப் பார்த்தாள். குளித்தால் துவட்டுவோம், துவட்டினால் பவுடர் போடுவோம். துவட்டியதை யாராவது கவனிப்பார்களா என்ன. ஆபீஸ் மொத்தமும் கழுத்தில் பவுடரோடு உட்கார்ந்துகொண்டு, யூனிஸின் கழுத்தில் என்ன வெள்ளை என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

"அவ்வளவுதானே," என்றார் மிஸ்டர் சீலி. "கன்னத்து நிறத்தையே கழுத்துக்கும் இழுத்து விட்டுடு."

அவ்ரில் மட்டும் சிரிக்கவில்லை. "அவங்க சொன்னது சரிதான் சார். தப்பு என்னோடது. தோல் மினுங்கும், பவுடர் மினுங்காது. ரெண்டையும் ஒரே தோலாத் தீட்டி வச்சிருக்கேன். அதான் நோய் புடிச்ச மாதிரி இருக்கு. அடியில இருக்கற கழுத்த நான் பாக்கவே இல்ல. அதப் பாத்துத் தீட்டிட்டு, பவுடரத் தனியா மேல போடணும்."

"ஒரே ஒரு தடவதான் பாக்கி இருக்கு, ஞாபகம் இருக்கா?"

"அதனாலதான் சொல்றேன்."

சந்தைக்கு நானும் கூடப் போனேன். இடிக்காத பகுதியில் தகரக் கூரைக்குக் கீழே யூனிஸ் கிழங்கில் ஒட்டிய மண்ணைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"டான்டி, இன்னொரு படம் எடுக்கணும். கழுத்த மட்டும் துடைச்சிட்டு."

"எதுக்குத் துடைக்கணும்?"

"பவுடர் இல்லாமப் பாக்கணும்."

யூனிஸ் கத்தியைக் கீழே வைத்தார். "இங்க பாருடி. மழையோ புயலோ, ஒரு நாளு நான் குளிக்காம இந்தச் சந்தைக்குள்ள கால் வச்சதில்ல. ஊரு பூரா பாக்கப்போற படத்துல என்னைக் குளிக்காதவளா நிக்கச் சொல்றியா?"

பக்கத்துக் கடை மீன்காரர் டெஸ்மண்ட் எட்டிப் பார்த்தார். "நீங்க குளிச்சீங்கன்னு நான் சாட்சி சொல்றேன் டான்டி."

"நீ மொதல்ல குளிடா. அப்புறம் சாட்சி சொல்லு."

பேச்சு முடிந்துவிட்டது என்று நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவ்ரில் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கீரைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக் கொடுத்தாள். மறுநாளும் போனாள், அதற்கு அடுத்த நாளும் போனாள். யூனிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்ரில் விடுவதாக இல்லை.

கடைசியில் ஒருநாள் கேட்டாள். "டான்டி, குளிச்சிட்டு வர்றீங்க. துவட்டறீங்க. அப்புறந்தான் பவுடரு. நடுவுல கொஞ்ச நேரம் இருக்கில்ல, அப்ப நீங்க குளிச்சவங்களா, குளிக்காதவங்களா?"

யூனிஸ் சுரண்டிய கிழங்கைக் கூடையில் போட்டார். "குளிச்சவதான்."

"அப்ப எடுத்துக்கறேன். திரையில பவுடரோடதான் வருவீங்க, இது என் வாக்கு."

"ஞாயித்துக்கெழம வா. சர்ச்சுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி. இவனையும் கூட்டிட்டு வரணுமா?"

"விளக்கு பிடிக்க ஆள் வேணும் டான்டி."

"செவத்தப் பாத்துகிட்டுப் பிடிக்கட்டும்."

அப்படித்தான் பிடித்தேன். இரண்டு கையையும் பின்னால் நீட்டி, கைக்கு ஒரு விளக்காகப் பிடித்துக்கொண்டு, யூனிஸ் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி நின்றேன். பின்னால் குளியலறைக் கதவு திறந்தது, சோப்பு வாசனை வந்தது. அவ்ரில் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"சீக்கிரம்டி. அம்மணமா நிக்கற மாதிரி இருக்கு. செத்துப்போன எம் புருஷன்கூட என்னை இப்படி உத்துப் பாத்ததில்ல."

"முடிஞ்சது டான்டி. இப்பப் பவுடர் போடுங்க. எப்பவும் போல போடுங்க, நான் பாக்கணும்."

பஞ்சு தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் கழுத்து, அப்புறம் நெஞ்சு, மிச்சம் மீதி பிடரிக்கு. யூனிஸ் பெருமூச்சு விட்டு, "இப்பத் திரும்புடா" என்றார். நான் திரும்பியபோது வழக்கமான டான்டி நின்றிருந்தார்.

அந்தக் கழுத்தை நான் திரையில்தான் பார்த்தேன். ரேகை மாதிரி இரண்டு மடிப்புகள், மடிப்புக்குள் கறுப்பு இன்னும் கெட்டியாக. தாடைக்கு அடியில் கடுகளவு மருக்கள் வரிசையாக. வேர்வை துளிர்த்து மினுங்கியது. அதன் மேல் அவ்ரில் பவுடரைத் தனி அடுக்காகத் தூவினாள். மடிப்பில் தங்கியும், எலும்பு மேட்டில் தேய்ந்தும், நிஜமாகவே பஞ்சால் தட்டியதுபோல இருந்தது. மற்ற பதினோரு பேருக்கும் இதே வழியில் தோல் தீட்டினாள். டெஸ்மண்டைப் படம் எடுக்கப் போனபோது அவர் நிஜமாகவே குளித்துவிட்டு வந்திருந்தார்.

மூன்றாவது முறை, பார்த்துச் சரி சொல்வதற்காகச் சின்ன அளவில் ஒரு மாதிரி அனுப்பினோம். குளிர்தேசத்திலிருந்து மாத்தியாஸ் வீடியோவில் வந்தார். அந்தப் பக்கத்து வேலைக்கு அவர்தான் தலைவர், மரியாதையான மனிதர்.

"அவ்ரில், இவ்வளவு நல்ல தோலை நான் பார்த்ததில்லை. அந்த வெள்ளைப் படலத்தைத் தனி அடுக்காக வைத்தீர்களே, ரொம்ப வசதி. அணைத்துவிட்டோம். பிரமாதமாக இருக்கிறது. பெரிய திரைக்கான கடைசி ஃபைல்களை அப்படியே அனுப்பிவிடுங்கள்."

மிஸ்டர் சீலியின் முகம் மலர்ந்தது. அவ்ரிலின் முகம் சுண்டிவிட்டது. வேலையைச் சுத்தமாகச் செய்ததன் மூலம் யூனிஸின் பவுடரைத் துடைப்பதற்கான சுவிட்சைத் தானே செய்து அவர்கள் கையில் கொடுத்திருக்கிறாள்.

"கடைசி ஃபைல் நாளைக்கு அனுப்பறேன்," என்று மட்டும் சொன்னாள்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மிஸ்டர் சீலி பின்னால் வந்து நின்றார்.

"என்ன பண்றே?"

"பவுடரத் தோலோட ஒட்டறேன். நிறத்துல, மினுமினுப்புல, மேடுபள்ளத்துல, எல்லாத்துலயும். இனிமே தனியா அணைக்க முடியாது. தனி அடுக்கெல்லாம் அழிச்சிட்டேன்."

"அடுத்த வேலை நமக்கு வராது அவ்ரில்."

"வராம போகட்டும். குளிச்சவங்களக் குளிக்காதவங்களா நிறுத்த மாட்டேன் சார். வாக்குக் குடுத்திருக்கேன்."

ஒரு வார்த்தை சொல்லி அவர் தடுத்திருக்கலாம். கழுத்தைச் சொறிந்தார், விரலைப் பார்த்தார், காபி போடப் போய்விட்டார். அந்த மனிதரை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்தது.

மறுநாள் ஃபைல் போய்ச் சேர்ந்ததுமே மாத்தியாஸ் கூப்பிட்டார். "அந்த அடுக்கைக் காணோமே?"

"இருக்கு சார். கழுத்துலயே இருக்கு."

"பிரித்துத் தர முடியாதா?"

"முடியாது."

"திறப்பு விழா வந்துவிட்டது. எங்கள் தோலைப் போர்த்தவும் இனி நேரமில்லை. அவ்ரில், பார்க்கிறவர்கள் பிழை என்று நினைப்பார்கள்."

"பாக்க வர்றவங்க எல்லாரும் அதே பிழையக் கழுத்துல பூசிக்கிட்டுத்தான் வருவாங்க சார்."

அவர் அந்தக் கழுத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் சரி என்றார். அடுத்த வேலை எங்களுக்கு வரவில்லை. அதைப் பற்றி அவ்ரில் ஒரு நாளும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. நான் வருத்தப்பட்டேன், மறைப்பானேன்.

திறப்பு விழாவுக்கு யூனிஸ் தொப்பி வைத்துக்கொண்டு வந்தார். கழுத்தில் வழக்கத்தைவிடத் தாராளமாகப் பவுடர். வாசல் திரையில் கதவைவிடப் பெரிதாக அவர் முகம் எழுந்து மெதுவாகத் திரும்பியது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். டெஸ்மண்ட், "டான்டி, உங்க கண்ணப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு" என்றார். கண் என் வேலை, எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

யூனிஸ் கண்ணையும் பார்க்கவில்லை, மூக்கையும் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரைக்கு வெகு அருகில் போய், அண்ணாந்து கழுத்தை மட்டும் பார்த்தார். மடிப்பு மடிப்பாகப் பார்த்தார். என் பக்கத்தில் அவ்ரில் எக்கி நின்று பார்த்தாள்.

யாரோ அக்கம்பக்கத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்கிற தோரணையில் யூனிஸ் எங்கள் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார்.

"இவ குளிச்சிட்டுத்தான் வந்திருக்கா," என்றார்.