கிருபாபாயின் பக்கத்து சீட்

காலை பதினொன்றேகால் மணிக்கு, ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த மில் ஆபீசுக்குப் போன் வந்தது. எடுத்த கேஷியர் குருசாமி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "சார், உங்க வீட்ல கொஞ்சம் சீரியஸாம்" என்றார்.

எங்கள் பக்கம் யாரும் நேரடியாகச் சாவதில்லை. முதலில் போனில் சீரியஸ் ஆவார்கள். உறவுக்காரர் வந்து சேர்ந்த பிறகே சாக அனுமதி. ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறும்போதே என் மனைவி கிருபாபாய் போய்விட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான். கூமாப்பட்டியில் இருக்கும் தங்கையைப் பார்க்க அன்று தனியாகக் கிளம்பியிருந்தாள். கடைசி நேரத்தில் பக்கத்தில் யாராவது இருந்தார்களா?

'தனியாக' என்ற சொல்லை அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆண்டவர் எப்போதும் கூட வருகிறார் என்பது அவள் கணக்கு. எல்லாக் கிறிஸ்தவர்களும் அப்படிச் சொல்லத்தான் செய்கிறோம். அவள் அவருக்குப் பஸ்ஸில் இடமும் போட்டாள். பக்கத்து சீட்டில் தன் வயர்கூடையை வைத்துவிடுவாள். அவள் தங்கையைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கூமாப்பட்டி பஸ் கண்டக்டர் சங்கையாவுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

"யக்கா, கூட வாறவருக்கு டிக்கெட்?"

"அவரு உன் வண்டிய நம்பி இல்லப்பா. எப்பவோ போயிச் சேந்திருப்பாரு."

"பொறவு எதுக்கு சீட்டு?"

"திரும்பி வந்து உக்காந்தா?"

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் அவள், "அவர் பாத்துக்கிடுவாரு" என்றாள். அரிசி தீர்ந்தாலும் அதே பதில். பார்த்துக்கொண்டது என்னவோ என் சம்பளம். நன்றி மட்டும் நேராக மேலே போய்விடும். நான் பி.காம். படித்தவன், இந்த வரவு செலவு எனக்குப் பிடிபட்டதே இல்லை.

பிளாஸ்டிக் வயரில் கூடையும் நாற்காலியும் நன்றாகப் பின்னுவாள். வீட்டில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. தொண்ணூற்றிரண்டில் மூன்றாவதாக ஓர் இரும்புச் சட்டம் வாங்கி வந்தாள். யாருக்கு என்று கேட்கவே வேண்டாம்.

"வானத்துக்கும் பூமிக்கும் நிறைஞ்சவரு இதுல அடங்குவாரா?" என்றேன்.

"நீங்க மொதல்ல தள்ளி உக்காருங்க. வயரை மிதிக்கிய."

"அவருக்கு நீலம்தான் பிடிக்குமாக்கும்?"

"உங்களுக்குப் பிடிக்காதுல்லா, அதான் நீலம்."

அந்த நாற்காலியைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் கூமாப்பட்டிக்குப் புறப்பட்டாள்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்து, "ஆண்டவர் உங்க கூட இருக்கார்" என்றார்கள். அந்தத் தைரியத்தில் அன்று சாயங்காலமே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் உட்கார நான் தெருவில் போட்ட இரண்டு நாற்காலிகளும் அன்று போனவைதான், திரும்பி வரவில்லை.

அடுத்த வாரம், அறிமுகமில்லாத ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கையில் கிருபாபாயின் வயர்கூடை. பேர் சம்சாத் பேகம் என்றும், வத்திராயிருப்புச் சந்தையில் முட்டை விற்பதாகவும் சொன்னாள்.

"அக்கா பக்கத்துல நான்தான் அண்ணே உக்காந்திருந்தேன்."

நான் கேட்க வேண்டியதை அவளே சொன்னாள்.

"பஸ்ல எம்புட்டுக் கூட்டம். முட்டைக் கூடையோட தடுமாறுனேன். அக்கா தன் வயர்கூடைய எடுத்து மடியில வச்சுக்கிட்டு, 'நீ உக்காரு, அவரு நிப்பாரு'ன்னாவ. எனக்கு ஒண்ணும் வெளங்கல. கண்டக்டர் சிரிச்சுக்கிட்டே, 'அது ஆண்டவர் சீட்டும்மா, முட்டைய ஒடைச்சிராத'ன்னாரு."

கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் அக்காவுக்கு வேர்த்ததாம். தலை இவள் தோளில் சாய்ந்ததாம். சங்கையா வண்டியை அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொல்லியிருக்கிறார்.

"பயமா இருக்காக்கான்னு கேட்டேன். 'அவரு நிக்காருல்லா'ன்னாவ. அம்புட்டுதான்."

ஆஸ்பத்திரியில் யார் கூட வந்தது என்று கேட்டதற்கு, இவள் "தங்கச்சி" என்றாளாம். கிருபாபாய்க்கு சம்சாத் பேகம் தங்கை. எழுதிக்கொண்ட நர்ஸ் இரண்டு பேரையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாராம்.

ஆக, இத்தனை வருடம் இடம்பிடித்து வைத்த சீட்டில், வேண்டிய நாளில், அவர் உட்காரவில்லை. முட்டைக்காரி ஒருத்திக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். கேலி செய்ய இதைவிடத் தோதான விஷயம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனாலும் அன்றுதான், போன் வந்த நாளுக்குப் பிறகு முதல் முறையாக, எனக்குப் பசித்தது.

சம்சாத் பேகம் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். இழுத்துப் போட்டேன்.

"வேண்டாண்ணே. அக்கா யாருக்கோ பின்னுன மாதிரி இருக்கு."

"உக்காரும்மா," என்றேன். "அவர் நிப்பார்."

காப்பி குடித்து முடிக்கும்வரை சாயாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். முதுகுப் பக்கம் இன்னும் வயர் பின்னவில்லை.