கடைக்குட்டிக்கே வயசு இருபத்தொண்ணு

மேஸ்திரி தன் மச்சானுக்கு முந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். முதன்முதலாகத் தனியாகப் பிடித்த வேலைக்கு சிமெண்டு வாங்கக் கையில் காசில்லாமல் வாங்கிய கைமாற்று அது. அப்போது மச்சான் மச்சானே இல்லை. கூட வேலை பார்த்த பெயிண்டர், அவ்வளவுதான். பெயிண்டரின் தங்கையை மேஸ்திரி கட்டிக்கொண்டதெல்லாம் பிறகு.

அந்த முந்நூற்றில் கால் ஊன்றியவர் இன்றைக்கு மூன்று தெருவுக்கு வீடு கட்டி நிறுத்தியிருக்கிறார். படிப்பு ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் அவர் எழுப்பிய சுவரில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். இதை மேஸ்திரியே சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். யாருக்கும் ஒரு காசு பாக்கி வைத்ததில்லை என்பதையும் கூடவே சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் அந்த முந்நூறு உள்ளே எங்கேயோ முள்ளாய்க் குத்தும்.

திருப்பிக் கொடுக்கப் போகாமல் இல்லை. போன போதெல்லாம் பெயிண்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நல்ல சரக்காக ஒன்று வாங்கி ஊற்று, என் மூக்கு சரி என்று சொன்னால் கை நீட்டுகிறேன் என்பது அவருடைய நிபந்தனை. அந்த மூக்கு லேசுப்பட்டதில்லை. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் எந்தச் சுவர் இன்னும் காயவில்லை என்று சொல்லிவிடும். மேஸ்திரி வாங்கிப் போன பாட்டில்களை எல்லாம் அது மூடியைத் திறந்த கையோடு தள்ளிவிட்டது. ஒன்று பெயிண்டில் ஊற்றுகிற தின்னராம், இன்னொன்று பிரஷ் கழுவிய தண்ணீராம். "இதைக் குடிக்கிறதுக்கு உன் சிமெண்டுக் கலவையையே கரைச்சுக் குடிக்கலாம் மாப்ள" என்று ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு இருவருமாக அதைக் காலி செய்தார்கள் என்பது வேறு விஷயம்.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்தார். அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கருகிய அன்று, பெயிண்டர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்தபடி இருந்தாராம். சோறு காகித அட்டையைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்று தட்டை ஒதுக்கினார். தங்கை கொடுத்தனுப்பிய அடுக்குப் பாத்திரம் திறக்காமலே திரும்பி வந்தது. வேலைக்குப் போவதையும் நிறுத்தினார். கடைசியில் தங்கையிடம் சொல்லி அனுப்பினார்: அந்த முந்நூற்றை மறந்துவிடச் சொல், கணக்கு முடிந்தது.

மேஸ்திரிக்குத் தூக்கிவாரிப்போட்டது அதில்தான். இத்தனை காலம் ஆசையாகப் பிடித்து வைத்திருந்த கடனையே கைகழுவுகிற ஆள், மற்ற எல்லாவற்றையும் கைகழுவிவிட்டார் என்று பட்டது.

நேராகப் பெரிய கடைக்குப் போய், இருப்பதிலேயே நல்லது எது என்றார். கடைக்காரர் கண்ணாடி அலமாரியின் பூட்டைத் திறந்து ஒரு ஜப்பான் விஸ்கியை எடுத்துவைத்தார். அந்த விலைக்கு ஒரு அறைக்குத் தரை போட்டுவிடலாம். இருபத்தோரு வருஷம் மரப்பீப்பாயில் கிடந்தது, பிளெண்டட் என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டார் மேஸ்திரி. பலதைக் கலந்தது என்று பதில் வந்தது.

"இவ்வளவு காசையும் வாங்கிட்டுக் கலப்படத்தையா குடுக்குறீங்க?"

கடையே திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் பொறுமைசாலி. வேறு வேறு பீப்பாயில் கிடந்தவற்றை ஒருவர் முகர்ந்து, அளவு பார்த்து, ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பார் என்று விளக்கினார். பாட்டிலில் போட்டிருப்பது அதில் ஆக இளையதின் வயதாம், மற்றவை அதற்கு மூத்தவையாம்.

"அப்ப கலவைன்னு சொல்லுங்க" என்று பணத்தை எடுத்தார் மேஸ்திரி. கலவை அவருக்குத் தெரியாததா.

பெயிண்டரின் மாடி அறையில் டப்பாக்கள் அப்படியே கிடந்தன. பிரஷ்கள் கழுவாமல் காய்ந்து விறைத்திருந்தன. பாட்டிலைப் பார்த்தும் அவர் எழுந்திருக்கவில்லை. தனக்கு இதுவும் தண்ணீரும் ஒன்றுதான் என்றார்.

"மரியாதையாப் பேசு மச்சான். இதுல கடைக்குட்டிக்கே வயசு இருபத்தொண்ணு. நாக்கு உன்னுது, மூக்கு என்னுது. குடி."

பெயிண்டர் ஒரு வாய் வைத்தார். எரியவில்லை, கொஞ்சம் இனிக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று டம்ளரைக் கீழே வைத்தார். மேஸ்திரி தன் டம்ளரை முகர்ந்துவிட்டு, உலகத்திலேயே இதுமாதிரி கிடையாது என்றார்.

"உன் சுவரைப் பத்தியும் இதையேதான் சொல்லுவ." பெயிண்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேஸ்திரி வாயை மூடிக்கொண்டார். அவருக்கு அது பழக்கமில்லாத வேலை. எதையும் மடக்கென்று விழுங்கியே பழகியவர், டம்ளருக்குள் மூக்கை விட்டு அப்படியே இருந்தார். இழைத்த மரம் மாதிரி வருகிறது என்றார். பச்சை மரமா, காய்ந்ததா என்று ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார் பெயிண்டர். காய்ந்தது, மேலே வார்னிஷ் ஏறியது. வார்னிஷ் அடித்த அன்றைக்கா, மறுநாளா? மேஸ்திரி மறுபடி முகர்ந்தார். இரண்டும் இல்லை. ஆட்கள் வெளியூர் போய்த் திரும்பி வந்து வீட்டைத் திறக்கும்போது, வெயிலில் கிடந்த, நீ வார்னிஷ் அடித்த கதவிலிருந்து ஒரு வாசனை வருமே, அது.

பெயிண்டர் திரும்பி உட்கார்ந்தார்.

பிறகு தேன் வந்தது, காயவைத்த ஆரஞ்சுத் தோல் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் பூசிய சுவரை முதல்முறை நனைக்கிற வாசனை வந்தது. விழுங்கினால் போகிறதா என்று கேட்டார் பெயிண்டர்.

"எங்க போகுது? உன் தங்கச்சி மாதிரிதான். போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வாசல்லயே நின்னு அரைமணி நேரம் பேசுது."

பெயிண்டரின் உதட்டோரம் லேசாக அசைந்தது. உடனே அடக்கிக்கொண்டார். "என்னைச் சமாதானப்படுத்த அளக்குறியா மாப்ள?"

மேஸ்திரி இன்னொரு தடவை முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். மரத்துக்கும் தேனுக்கும் பின்னால் ஏதோ ஒன்று, இப்போதுதான் யாரோ எழுந்து போன அறை மாதிரி. பிடிக்கப் போனால் நழுவியது.

"இன்னொண்ணு இருக்கு மச்சான்" என்றார். "என்னன்னு எனக்குத் தெரியல."

பெயிண்டர் அவரையே பார்த்தார். "என்ன சொன்ன?"

"தெரியல. நிஜமாவே தெரியல. உன் மூக்கு இருந்தா சொல்லியிருக்கும்."

பெயிண்டர் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்க, டம்ளர் தளும்பச் சிரித்தார். உன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், துடைக்கத் துடைக்க ஈரமாகவே இருந்தது.

"தெரியலன்னே சொல்லிட்ட. அப்ப மத்தது எல்லாம் நிஜம்."

டம்ளரை எடுத்து இன்னொரு வாய் குடித்தார். இந்த முறை உடனே விழுங்கவில்லை, வாயிலேயே வைத்திருந்தார். பிறகு, பசிக்கிறது, தங்கை என்ன சமைத்திருக்கிறாள் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே, இத்தனை வருஷமாகப் பின்னால் கட்டிக்கொண்டே வந்த கையை முன்னால் நீட்டி விரித்தார்.

"எண்ணிக் குடு மாப்ள. உன்னை நம்ப முடியாது."

மேஸ்திரி விரலை எச்சில் தொட்டு, பெயிண்டுக் கறை ஏறிய அந்த உள்ளங்கையில் நூறு நூறாக மூன்று தாளை வாய்விட்டு எண்ணி வைத்தார்.