வெர்லினின் பதினேழாவது ரைபிள்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் முப்பது வருடம் போலீஸ் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வெர்லினுக்குப் பழைய லீவர் ரைபிள், அதாவது கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி என்றால் உயிர். சுடுவதற்காக அல்ல. அதன் தேய்மானத்தைப் பார்த்தே, வைத்திருந்தவன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று துப்புத் துலக்குவதற்காக. கண்டுபிடித்ததை ஓர் அட்டையில் எழுதி அந்தந்தத் துப்பாக்கியிலேயே கட்டிவிடுவார்.

பதினேழாவது ரைபிள் அவரைப் பாடாய்ப்படுத்தியது. குதிரைச் சேணத்தில் உரசித் தேயவேண்டிய இடம் புத்தம் புதிதாக இருந்தது. அடிக்கட்டையோ ஒரே பக்கமாக மழுங்கியிருந்தது. ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டு, "வலது கால் ஊனம். இதை ஊன்றி நடந்தவன்" என்று எழுதினார்.

அதோடு விட்டிருக்கலாம். மனைவி நடீனையும் கூட்டிக்கொண்டு, தன் அப்பாவின் துப்பாக்கி என்று அதை விற்ற ஓப்பல் என்பவரின் பண்ணைக்கே போய் நின்றார்.

"உங்க அப்பாவுக்கு வலது கால்ல ஊனம், சரிதானே?"

"யாருக்கு? எங்கப்பாவுக்கா? எண்பது வயசுலயும் டான்ஸ் ஆடின மனுஷன்யா! அந்தத் துப்பாக்கிய நாப்பது வருஷமா கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டுக் குடுத்து வச்சிருந்தோம்."

நடீன் வழியெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் சிரிப்பு நின்றது.

"ஏன் வெர்லின், சாட்சியே இல்லாம நீ கண்டுபிடிச்ச கேஸுங்க எல்லாம் இப்படித்தானா?"

வெர்லின் உள்ளே போய், மற்ற பதினாறு அட்டைகளையும் ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார்.