கருகிய செடிக்கும் இடம் கொடுத்தவர்

நம் மலைக்கிராமமான பூண்டிக்கு வரும் காலை பஸ்ஸில்தான் செய்தி வந்தது. நான் கேரட் மூட்டையை ஏற்றக் காத்திருந்தேன். கண்டக்டர் இறங்கி வந்து என் தோளைத் தொட்டார். "யாக்கோபு அண்ணே, உங்க பழைய உபதேசியாரு தவறிட்டாருங்க. கீழ ஆஸ்பத்திரியில." மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு அதே பஸ்ஸில் மலையிறங்கினேன். போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

ஆசீர்வாதம் என்ற அந்த உபதேசியாரை அறிந்த நம் சபையாருக்காக இதை எழுதுகிறேன். மருமகள் சொல்லிக்கொடுத்து, இந்த வயதில்தான் எழுதக் கற்றேன். ஒரு வரி முடிந்ததும் அதைத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். சந்தோஷமாக இருக்கிறது. அவர் இதைப் பார்க்கவில்லையே என்ற வருத்தமும் கூடவே வருகிறது.

உறைபனி விழுந்த அந்த வருஷம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பனிக்கு முந்தின வாரம்தான் என் மகளைக் காய்ச்சலில் பறிகொடுத்திருந்தேன். பிறகு ஒரு விடியற்காலையில் உருளைக்கிழங்குச் செடியெல்லாம் கறுத்துக் கிடந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆண்டவர் சோதிக்கிறார் என்றார்கள். அறுப்புப் பண்டிகை வந்தது. அவரவர் விளைச்சலில் முதல் பங்கைப் பீடத்தின் முன் வைத்து நன்றி சொல்வது நம் வழக்கம். நான் கருகிய செடிகளைக் கூடை நிறையப் பிடுங்கிக்கொண்டு போனேன். அதை வைத்துவிட்டு, இனிக் கோயில் படி ஏறுவதில்லை என்று இருந்தேன்.

வாசலிலேயே சபை மூப்பர் மறித்தார். "ஏலே, மாடுகூட மோந்து பாக்காது. இதையா ஆண்டவருக்குக் கொண்டாந்த?"

"எனக்கு வெளைஞ்சது இதுதாங்க."

உபதேசியார் உள்ளேயிருந்து வந்து கூடையை வாங்கினார். பூசணிக்காயைத் தள்ளி வைத்துவிட்டு நடுவில் இடம் பண்ணினார். மற்றக் கூடைகளுக்கு நன்றி சொல்லி ஜெபித்தார். என் கூடைக்கு வந்ததும், "ஆண்டவரே, இதையும் பாரும்" என்று மட்டும் சொன்னார்.

ஆராதனை முடிந்து என்னிடம் வந்தார். "கோவமா இருக்கீங்களா, அண்ணே?"

"ஆமாங்க."

"ஆண்டவர்மேலதான? சரி. என்மேலன்னா இந்நேரம் கொடைக்கானலுக்கு ஓடியிருப்பேன்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "கோவிச்சுக்கிட்டவன் வீட்ட விட்டுப் போகணும்னு இல்ல. வீட்டுக்குள்ளயே கோவிச்சுக்கிட்டுக் கெடக்கலாம்."

அப்படித்தான் நான் கிடந்தேன். கடைசிப் பலகையில் உட்காருவேன், பாடமாட்டேன். ஒருநாள் அவர் மண்வெட்டியோடு என் வயலுக்கு வந்தார். "உபதேசம் பண்ண வந்தீங்களா?" என்றேன். "அது ஞாயித்துக்கெழமைச் சோலி. இன்னைக்குக் கெழங்கு நட வந்தேன்." அந்தப் பருவம் முழுவதும் வந்தார். மோட்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த பண்டிகையில் நான் பாடினேன்.

பிற்பாடு அவரை மலைக்குக் கீழே, கீழ்நாட்டுச் சபைக்கு மாற்றினார்கள். போன மழைக்காலத்தில் அவர் மனைவி காலமானார். இந்த வருஷப் பண்டிகைக்கு அவரை அழைத்திருந்தோம். ஆண்டவர் செய்த நன்மைகளுக்குச் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, "இந்த வருஷம் நன்றி சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல" என்றார். சபை சிரித்தது. அவர் பேச்சில் எப்போதும் ஒரு வேடிக்கை வருமே, அதற்காக எல்லாரும் காத்திருந்தோம். அவர் உட்கார்ந்துவிட்டார். பாட்டு ஆரம்பித்தது. அவர் வாய் அசையவில்லை.

பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன்.

"நெசமாத்தான் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"நெசந்தாண்ணே. அவ போனதுலருந்து ஜெபத்துக்கு உக்காந்தா வாய் தெறக்க மாட்டேங்குது. சபையில சொன்னா சிரிக்கிறாங்க."

"வெளையாட்டுக்குச் சொல்றீங்கன்னு நெனச்சுட்டாங்க."

"வெளையாட்டாவே பேசிப் பழக்கி வச்சிருக்கேன். அவங்கள என்ன சொல்ல?" கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க."

"சத்தமா ஜெபம் பண்ண எனக்குத் தெரியாதுங்களே."

"தெரிஞ்சவங்க பண்ணுனதெல்லாம் கேட்டாச்சு."

தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். "ஆண்டவரே, இவரால முடியல. பாத்துக்கங்க" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவர் "ஆமென்" என்றார். பஸ் வந்தது. ஏறிப் போனார்.

அவர் மனம் தேறியதா என்று எனக்குத் தெரியாது. அவர் நம் எல்லாருடைய வயலுக்கும் வந்தார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலருகே உட்கார இந்த மலையிலிருந்து ஒருவரும் போகவில்லை. கிடந்தாரென்றே நமக்குத் தெரியவில்லை. அது எனக்கு ஆறவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு 'ஆமென்'. ஜெபம் வராத காலைகளில் அதை மட்டும் சொல்லிவிட்டு வயலுக்குப் போகிறேன்.