உள்ளங்கை இல்லாத காசு

என் தராசில் ஒரு நாளும் எடை குறைந்ததில்லை. மேற்குத் தாம்பரத்தில் முப்பது வருஷம் காய்கறி விற்றேன். வேண்டுமானால் அந்தத் தெருவில் போய்க் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தேன். மூத்தது பெண், அடுத்தது பையன். எது கொடுத்தாலும் சரிபாதி. பாதியாக்க முடியாததற்குக் காசு சுண்டுவேன்.

பாதியாக்க முடியாதது என்றால் மின்சார ரயிலில் ஜன்னலோர இடம். பீச்சுக்குக் கூட்டிப்போகும்போது இரண்டும் அடித்துக்கொள்ளும். "தலையா பூவா சொல்லுங்க. வுழுந்தது வுழுந்ததுதான். தோத்தவங்க அழக்கூடாது" என்பேன். காசைச் சுண்டிப் பிடித்து, புறங்கையில் கவிழ்ப்பதற்கு முன்னால் உள்ளங்கைக்குள்ளேயே விரலால் தடவிப் பார்ப்பேன். போன தடவை யார் தோற்றார்களோ, அவர்கள் கேட்ட பக்கம் வருகிற மாதிரி திருப்பிவிடுவேன். பிள்ளைகளுக்கு அது தெரியாது. என் வீட்டுக்காரர் மட்டும் கண்டுபிடித்துவிட்டார். எதிர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இடது உள்ளங்கையை நீட்டி ஒரு புரட்டுப் புரட்டிக் காட்டிச் சிரிப்பார். திருப்பிட்டியா என்று அர்த்தம்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. நானே தூக்கினேன், நானே குளிப்பாட்டினேன், ஒருத்தரையும் கூப்பிடவில்லை. ஒரு நாள் குளியலறையில் அவரைத் தாங்கிப் பிடிக்கும்போது வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். அத்தோடு என் வீறாப்பு முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இரண்டு பேரும் வந்தார்கள். மகளுக்கு மறைமலை நகரில் ஒரே ரூம் வைத்த வாடகை வீடு. மாமியாரும் கூட இருக்கிறாள். மகன் சிறுசேரி பக்கம் ஏசி மெக்கானிக். அவன் வீடும் அதே அளவுதான். ஒருத்தர் வீட்டிலும் இரண்டு பேரை வைக்க இடமில்லை. ஆளுக்கு ஒருத்தர் என்று வரும் வழியிலேயே பேசி முடித்திருந்தார்கள். யார் யாரை என்பதுதான் பாக்கி. நான் ஒற்றைக் கையால் சமைப்பேன், பேரப் பிள்ளைகளைப் பார்ப்பேன். அவரையோ புரட்டிப் படுக்கவைக்கவே ஆள் வேண்டும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"டேய், நீ அப்பாவ இட்டுக்கினு போயேன். ஆம்பள நீ, தூக்கிடுவ."

"நான் காலைல போனா ராத்திரிதான் வூட்டுக்கு வரேன்க்கா. யாரு தூக்குறது, என் பொண்டாட்டியா?"

"அப்ப என் மாமியார் தூக்குவாங்களா? அவங்களையே ரெண்டு பேர் தூக்கணும்."

"சரிவுடு, டாஸ் போட்டுக்கலாம். அம்மா கத்துக்குடுத்ததுதானே."

சட்டைப் பையில் தடவினான். காசு இல்லை. டீக்கடையிலேயே போனைக் காட்டுகிற காலம். என் சுருக்குப் பையிலிருந்து அஞ்சு ரூபாய்க் காசை எடுத்து நீட்டினேன்.

"வேணாம்மா, உன் கையே கட்டுல கீது" என்றாள் மகள். "போன்லயே போட்லாம். அதுல ஒருத்தரும் தில்லுமுல்லு பண்ண முடியாது."

போனில் ஒரு மஞ்சள் காசு வந்தது. "தலை வுழுந்தா அப்பா என்கூட, அம்மா உன்கூட. பூ வுழுந்தா மாத்தி" என்றான் மகன். "நீயே அமுத்தும்மா. அப்பதான் நியாயம்."

அந்தக் காசுக்கும் இரண்டு பக்கம்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடம் என்கிற பக்கம் அதில் இல்லை. எங்களைப் பிரிக்காதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டு வாங்கிப் பழகாதவள் நான், அதுவும் பெற்ற பிள்ளைகளிடம். இடது கை விரலால் அழுத்தினேன். காசு கண்ணாடிக்குள் சுற்றிச் சுற்றி நின்றது. தடவ முடியவில்லை. தடவ முடிந்தாலும் எதைத் திருப்புவது?

கீழே இங்கிலீஷில் ஏதோ வந்தது. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். மகன் பார்த்தான், முகம் சுருங்கியது. பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நான் வளர்த்த பிள்ளை.

"தலை."

"தோத்தவங்க அழக்கூடாதுடா" என்றாள் மகள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கட்டிலில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் இடது கையைத் தூக்கினார். ரயிலில் காட்டுகிற மாதிரியே உள்ளங்கையை ஒரு புரட்டுப் புரட்டினார். என்னையே பார்த்தார்.

"அப்பாவுக்கு இன்னா வேணுமாம்?"

"தண்ணி கேக்குறாரு" என்றேன். மகள் கொண்டுவந்து புகட்டினாள். பாதி கழுத்தில் வழிந்தது.

மாவுக்கட்டைப் பிரித்து நாலு மாசம் ஆகிறது. விரல்கள் முழுசாக மடங்கவில்லை. மகள் வீட்டிலிருந்து அவரைப் பார்க்க இரண்டு தடவை பஸ் மாறி மாறிச் சிறுசேரிக்குப் போய்வந்தேன். இரண்டு தடவையும் மருமகள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தட்டில் பிஸ்கட் வைத்து, "எத்தினி மணிக்குக் கெளம்புறீங்க அத்தை?" என்று கேட்டாள். நல்ல மாதிரியாகத்தான் கேட்டாள். அப்புறம் நான் போகவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் போனில் வீடியோ கால் போடுகிறான். முதலில் ஃபேன் தெரியும், பிறகு அவர் நெற்றி, பிறகு அவர். கொஞ்ச நேரம் என்னையே பார்ப்பார். போன வாரம் இடது கை மெதுவாக மேலே வந்தது. உள்ளங்கை ஒருமுறை புரண்டது.

"அப்பா டாட்டா காட்டுறாரும்மா" என்றாள் மகள்.

"ஆமா" என்றேன். நானும் டாட்டா காட்டினேன்.